மலாக்காக்காரரின் கை

சிங்கப்பூர்த் தந்தி ஆபீஸில் சேர்ந்த புதிதில் மோர்ஸ் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. புள்ளியும் கோடுமாக அட்டையில் எழுதிக் கொடுத்ததை நான் குறில், நெடில் என்று மாற்றி மனப்பாடம் செய்தேன். சிராங்கூன் ரோட்டில் டிராமில் போகும்போது கண்ணில் படும் கடைப் பலகைகளையெல்லாம் விரலால் தொடையில் தட்டிக்கொண்டே போவேன். எனக்கு ஏதோ நடுக்கவாதம் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த சீன அம்மாள் ஒருநாள் தள்ளி உட்கார்ந்தாள்.

காது பழகியதும், தட்டும் தினுசிலேயே ஆட்கள் தெரிய ஆரம்பித்தார்கள். பினாங்குக்காரர் சண்டைக்கு வருவதுபோல் அடிப்பார். மலாக்காவிலிருந்து அடிப்பவரின் கையோ தண்ணீர் மாதிரி ஓடும், எங்கும் தடுக்காது. அவரை எங்கள் ஆபீஸில் யாரும் பார்த்ததில்லை. வெள்ளைக்காரர் என்றார் ஒருவர், யூரேசியர் என்றார் இன்னொருவர்.

நம் ஆட்கள் அப்போது தமிழை ஆங்கில எழுத்தில், சேர்த்துச் சேர்த்து எழுதித் தந்தி கொடுப்பார்கள். தமிழ் தெரியாத குமாஸ்தாக்கள் கண்ட இடத்தில் நிறுத்தி அடிப்பார்கள். 'தங்கச்சிக்கு கல்யாணம்' என்பது 'தங்கச் சிக்குக ல்யாணம்' என்று வந்து சேரும். மலாக்கா தந்திகள் மட்டும் சரியான இடத்தில் மூச்சு விட்டு வந்தன.

அது உறைத்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லைனில் சொந்தப் பேச்சு கூடாது. ஆனாலும் ஒரு மத்தியானம் தந்திகள் ஓய்ந்திருந்தபோது 'தமிழா?' என்று தட்டினேன். பதில் வந்தது: 'ஆமாங்க. சாப்டாச்சா?'

அதன்பின் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் பேசினோம். நாகூர்ப் பக்கத்திலிருந்து அப்பா காலத்திலேயே மலாக்காவில் குடியேறிய முஸ்லிம் குடும்பம் அவருடையது. அவர் அடிக்கும் கேலிக்கு நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துத் தலைமைக் குமாஸ்தா முறைப்பார். ஒல்லியான, வாயாடி இளைஞர் என்று மனத்தில் ஓர் உருவம் செய்து வைத்திருந்தேன்.

பெருநாள் விடுப்பில் அவர் கப்பலில் சிங்கப்பூர் வந்தார். துறைமுகத்தில் என் முன்னால் வந்து நின்றவர் பருத்த, நடுவயது மனிதர். வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது, வார்த்தை வரவில்லை. நான் என்ன செய்வதென்று தெரியாமல் அவர் பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

கோப்பிக் கடையில் உட்கார்ந்ததும் அவர் கரண்டியால் மேசையில் தட்டினார். சின்ன வயதிலிருந்தே திக்குவாயாம். முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்றார். நானும் ஒரு கரண்டியை எடுத்தேன். கடல் எப்படி, மலாக்காவில் மழை உண்டா என்று தட்டியே பேசினோம். கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கையில் மட்டும் எப்படித் திக்காமல் வருகிறது என்று அறிய எனக்கு ஆவல். கேட்டுவிட்டேன்.

அவர் கரண்டியை வைத்துவிட்டார். வாயாலேயே சொல்ல முயன்றார். நான் காத்திருந்தேன்.

"லை… லைன்ல யாரும் என் மூ… மூஞ்சியப் பாக்குறதில்லங்க."

"இப்ப நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். சொல்லிட்டீங்களே," என்றேன்.

அவர் யோசித்தார். பிறகு உடம்பு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு திக்கவில்லை.

சாயங்காலம் எங்கள் வீட்டில் மீன் குழம்புச் சாப்பாடு. பாதி வாயும் பாதி விரலுமாகப் பேசிக்கொண்டிருந்தார். எழுந்திருக்கும்போது என் மனைவியிடம், குழம்பு நன்றாயிருந்தது என்று வாயாலேயே சொன்னார். சொல்ல நேரம் பிடித்தது. அவர் முடிக்கும்வரை அவள் அகப்பையைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.