மொழிபெயர்ப்பாளர் கலாராணி சொன்ன ஒரு பொய்

பொய்க்குத் தமிழில் சொல் பஞ்சமில்லை. கலாராணி பிறந்து வளர்ந்த மடுல்கெல்லைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் புளுகு, டூப்பு, கயிறு திரிக்கிறது என்று நாளுக்கொன்று புழங்கும். யாரும் முகம் சுளித்ததில்லை. கண்டியில், பிள்ளைகளை முதலாம் தரத்துக்குச் சேர்க்கும் விண்ணப்பங்களை விசாரிக்கும் அலுவலகத்துக்கு மொழிபெயர்ப்பாளராக வந்த பிறகுதான், சப்பாத்துப் போட்ட இன்னொரு சொல் அவள் கைக்கு வந்தது: 'பொய்யான தகவல் வழங்கியமை.' 'தவறான தகவல்' என்று கடிதம் போனால் திருத்திக் கொடுக்கலாம். 'பொய்யான' என்று போனால் கதை முடிந்தது.

வந்த புதிதில் அவளிடமும் ஊர் கேட்டார்கள். குண்டசாலை என்றாள். வாடகை வீடு அங்கே இருந்ததால் அது பாதி உண்மை. அப்பா? கண்டியில் கடை வைத்திருந்தார் என்றாள். தேயிலைப் பெக்டரியில் கொழுந்து வாட்டிய அப்பா ராஜலிங்கம் கடை வாசலில்கூட உட்கார்ந்தவரில்லை. எட்டு வருஷமாக அந்த முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் சமர்த்தாகக் கிடந்தது.

அன்றைக்கு விசாரணைக்கு வந்தவர் கறுப்பையா. மடுல்கெல்லைத் தோட்டத் தொழிலாளி. மகளைக் கண்டியில் படிக்க வைக்க ஆசைப்பட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கே இடம் என்பதால், தெரிந்த கடைக்காரர் தாஸிமின் குண்டசாலை வீட்டைத் தன் விலாசமாக எழுதியிருந்தார். விலாசம் சரிதானா என்று வீடு பார்க்கப் போன அலுவலர்கள் பல் துலக்கும் பிரஷைக்கூட எண்ணிவிட்டு வந்திருந்தார்கள்.

"பிள்ளையின் கவுன் மூன்று தொங்கியதாம். மூன்றும் புதிது. ஒன்றில் கடை லேபல். ஏனென்று கேளுங்கள் மிஸ்" என்றார் அதிகாரி சிங்களத்தில்.

கறுப்பையாவுக்குச் சிங்களம் தெரியும். விசாரணை என்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. கலாராணி கேட்டாள்.

"பழைய சட்டையக் கொண்டுபோய் இன்னொருத்தர் வீட்டுல தொங்கவிட வெக்கமா இருந்துச்சுங்க."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் இளகினார். "தெரியாமல் எழுதினாரா, தெரிந்தே எழுதினாரா என்று கேளுங்கள்."

இந்தக் கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்று கலாராணிக்குத் தெரியும். 'தெரியாமத்தானே எழுதிட்டீங்க?' என்று கொஞ்சம் இழுத்தால் போதும். எதிரே இருப்பவர் கப்பென்று பிடித்துக்கொள்வார். எத்தனையோ பேருக்கு அப்படிக் கேட்டிருக்கிறாள். வாயைத் திறக்கப் போனாள். அதற்குள் கறுப்பையா அவளையே உற்றுப் பார்த்தார்.

"மிஸ், நீங்க பெக்டரி ராஜலிங்கம் ஐயாவோட மகதானே?"

பக்கத்து மேசை எழுதுநர் றுமைஸா நிமிர்ந்தாள். கலாராணியின் காது சுட்டது.

"இல்ல" என்றாள். நிற்காமல் அடுத்ததும் வந்தது. "கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. தெரிஞ்சேதான பொய்யான தகவல் குடுத்தீங்க?"

கறுப்பையா தலை குனிந்தார். "ஆமாங்க மிஸ். பொய்தான்." பிறகு மெல்ல, "மன்னிச்சுக்கங்க. ஆள் மாறிப்போச்சு."

"என்ன சொல்கிறார்?" என்றார் அதிகாரி.

"தெரிந்தே எழுதினாராம், சேர்."

'பொய்யான தகவல் வழங்கியமை' என்ற கடிதத்தை அவளே தட்டச்சு செய்தாள். ஒரு எழுத்துப் பிழையில்லை. அதிகாரி கையெழுத்துப் போட்டதும், கீழே வெளிவாசலில் நின்றவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக வாசித்தார்.

"அண்ணே" என்றாள். "நான் அவரு மகதான்."

"தெரியும் தங்கச்சி. அந்த மூக்க எங்க ஒளிக்கிறது?"

"அப்பறம் ஏன் ஆள் மாறிப்போச்சுன்னீங்க?"

"நாளைக்கும் நீங்க அதே கதிரையிலதான உக்காரணும்." கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "ஒங்க வீட்டுக்கு மட்டும் யாரும் பிரஷ் எண்ண வரல போல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

படியேறும்போதே சிங்களத்தில் ஒரு வாக்கியத்தைக் கட்டி வைத்தாள்: நான் கேள்வியைக் கோணலாகக் கேட்டுவிட்டேன் சேர், அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள். சொன்னால் ஏனென்று கேட்பார். றுமைஸாவும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

"கடிதம் கொடுத்தாச்சா?" என்றார் அதிகாரி.

"கொடுத்தாச்சு சேர்."

அடுத்த கோப்பைத் திறந்தாள். மடுல்கெல்லை பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. கறுப்பையா அந்த நேரம் முழுக்க ஸ்டாண்டில்தான் நின்றுகொண்டிருப்பார். அவள் எழும்பவில்லை.