பொட்டு காய்வதற்குள்

அண்ணனுடைய மடக்குக் கத்தியைத் திறந்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதைக் கேட்டால் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். தெம்பனிஸ் வீட்டுச் சமையலறையில் பட்டப்பகலில் உட்கார்ந்துகொண்டு, இந்தக் கையகலக் கத்திக்கு இப்படிப் பயப்படுகிறேனே என்று என்னையே திட்டிக்கொள்வேன். பயம் கேட்டால்தானே.

சுங்கை ரோட்டில் பழைய சாமான் விற்பவரிடம் அண்ணன் வாங்கிய பட்டாளத்துக் கத்தி அது. மின்சாரக் கம்பி இணைக்கும் வேலை அவருக்கு. கம்பியின் மேல்தோலை அந்தக் கத்தியால் ஒரே இழுப்பில் உரிப்பார். ஆனால் தீட்ட மட்டும் வராது. கூராக்குகிறேன் பேர்வழி என்று மழுங்கடித்துவிடுவார். அப்பா அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் தேக்காவில் ஒரு தையல் கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கத்தரிக்கோலைத் தீட்டும் கல்லிலேயே அவர் கத்தியையும் தீட்டிவிடுவேன்.

மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையே கலவரம் நடந்த அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தபோது, ஊரடங்கை எடுத்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்த நாட்கள். காலையில் கல்லில் தண்ணீர் தெளித்துக் கத்தியைத் தீட்டினேன். ஈர்க்குச்சியில் துணி சுற்றிக் கீலில் அடைந்திருந்த அழுக்கை எடுத்து, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டேன். கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் சந்தனம் குழைத்து வைத்து, மேலே குங்குமப் பொட்டு வைத்தேன். சூடம் காட்டி முடிக்கவில்லை, வாசலில் லாரி வந்து நின்றது. கேலாங்கில் எங்கோ கம்பி பழுது, அண்ணன் உடனே வர வேண்டுமாம்.

பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது என்றேன். “கம்பிக்குத் தெரியுமாம்மா இன்னிக்குப் பூஜைன்னு?” என்று சிரித்துக்கொண்டே கத்தியை எடுத்து, பொட்டைத் துடைக்கப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். “அண்ணே, அதை மட்டும் அழிக்காதீங்க.” என் சொல்லைத் தட்ட மாட்டார். ஈரம் காயாத கத்தியை அப்படியே மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

நான்கு மணிக்கு லாரிக்காரர் மட்டும் திரும்பி வந்தார். மலாய்க்காரர், நல்ல மனிதர். வாசலிலேயே நின்று மலாயில் சொன்னார்: வழியில் போலீஸ் சோதனை, அண்ணன் சட்டைப் பையில் சிவப்பாக ஊறியிருந்ததாம், உள்ளே கையை விட்டால் கத்தி, திறந்தால் அதிலும் சிவப்பு. கேலாங் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய்விட்டார்கள்.

எண்ணெயும் சந்தனமும் குங்குமமும் கரைந்து ஊறிய கறை பார்க்க ரத்தம் மாதிரியே இருக்கும் என்று எனக்குத் தெரியும். பூஜைத் தட்டில் பொட்டோடு இருந்த கத்தரிக்கோலையும் தீட்டுக்கல்லையும் கூடையில் போட்டு, மேலே கீரைக்கட்டை வைத்து மூடினேன். பஸ்ஸில் அந்தக் கூடையை மடியில் வைத்திருந்தபோதுதான் உறைத்தது: என்னையும் சோதித்தால்? பஸ் நின்ற இடத்திலெல்லாம் செத்துப் பிழைத்தேன்.

ஸ்டேஷனில் ஒரு தமிழ்க் கான்ஸ்டபிள் இருந்தார். “குங்குமம்னுதான் உங்க அண்ணன் சொல்றாரு. புதுசா தீட்டியிருக்கே, யாரு தீட்டினதுன்னு கேட்டா நான்தாங்கிறாரு. எந்தக் கல்லு, எப்படித் தீட்டினேன்னு கேட்டா முழிக்கிறாரு. அப்புறம் எப்படிம்மா நம்புறது?”

என் பெயரைச் சொன்னால் என்னையும் கூட்டி வந்துவிடுவார்கள் என்று அண்ணன் பயந்திருக்கிறார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், எனக்காகச் சொல்லி மாட்டிக்கொண்டார். “நான்தாங்க தீட்டினேன். பொட்டும் நான்தான் வச்சேன்” என்று கூடையைக் கவிழ்த்தேன். மேசையில் கத்தரிக்கோல் விழுந்த சத்தத்தில் எல்லாரும் திரும்பினார்கள். இன்ஸ்பெக்டர் ஒரு சீனர். கத்தியைக் கொடுத்து, தீட்டிக் காட்டச் சொன்னார். கல்லில் வைத்ததும் பழகிய சாய்வு தானாக வந்தது. அவர் கத்தரிக்கோலின் பொட்டை விரலால் தொட்டார், முகர்ந்தார், அண்ணனின் சட்டையையும் முகர்ந்தார். பிறகு விட்டுவிட்டார்கள்.

அண்ணனின் ஒரு கன்னம் வீங்கியிருந்தது. பஸ்ஸில் என்னைப் பார்க்காமல், “நீ ஏம்மா வந்தே?” என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் அழுதேன்.

அடுத்த வருஷம் பூஜையில் கத்தரிக்கோலுக்கு மட்டும் பொட்டு வைத்தேன். அண்ணன் கத்தியைத் திறந்து என் முன்னால் வைத்து, “இதுக்கும் வைம்மா” என்றார். வைத்தேன். காயும்வரை இரண்டு பேரும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம்.

அண்ணன் போய் ஆறு வருஷமாகிறது. இன்று காலையும் கத்தியைத் தீட்டி, கீலுக்கு எண்ணெய் விட்டு, பொட்டு வைத்தேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போக இனி யாரும் இல்லை. ஆனாலும் பொட்டு காய்கிற வரைக்கும் அதை மடக்க எனக்குத் தைரியம் வருவதில்லை.