ஒன்பது சான்றிதழ்களும் ஒரு திட்டும்

ஜனவரி முதல் வாரத்தில் அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரு படிவம் வரும். இந்த ஆண்டு எத்தனை கிளவுட் சான்றிதழ் எடுக்கப் போகிறீர்கள், எந்தெந்த மாதம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் அதைப் பார்த்ததும் பல் டாக்டர் வாசலில் காத்திருப்பவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். அலுவலகம் முழுக்க ‘அக்கா’ என்று கூப்பிடும் ஒருத்தி மட்டும் ‘மூன்று: மார்ச், ஜூன், அக்டோபர்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். ஆறு வருஷமாக ஒன்றுகூடத் தவறியதில்லை.

கிளவுட் என்றதும் யாரும் ஆகாயத்தைப் பார்க்க வேண்டாம். எங்கோ ஒரு பெரிய கம்பெனி அடுக்கி வைத்திருக்கும் கணினிகளை வாடகைக்கு எடுத்துக்கொள்வது, அவ்வளவுதான். கடை கண்ணிகளின் கணக்கையும் ஆர்டரையும் அங்கே கொண்டுபோய் வைத்துக் கொடுப்பது அக்காவின் அலுவலகத்துக்குத் தொழில். அக்காவின் வேலையோ டெண்டர் எழுதுவது. ஆள் குறைந்த ஒரு வருஷம், சும்மா ஒரு பரீட்சை எழுதிப் பாருங்களேன் என்றார்கள். எழுதினாள், தேறிவிட்டாள். பிடித்தது சனி.

மூன்று வருஷத்தில் ஒன்பது சான்றிதழ் சேர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் மூன்றே வருஷம் என்பதால், அதற்கப்புறம் எழுதியதெல்லாம் காலாவதியானதைப் புதுப்பிக்கவே சரியாகப் போயிற்று. ஓடி ஓடி நின்ற இடத்திலேயே நின்றாள். பெரிய கம்பெனியிடம் ‘பங்காளர்’ என்ற தகுதி நிலைக்க அலுவலகத்துக்குப் பன்னிரண்டு சான்றிதழ் தேவை. மற்ற பதினான்கு பேரும் சேர்ந்து மூன்று வைத்திருந்தார்கள். மீதி அக்கா.

இவ்வளவு இருந்தும் ஒரு வாடிக்கையாளரின் கணினியைக்கூட அவள் தொட்டதில்லை. ‘ஒன்பது சான்றிதழ் பெற்ற எங்கள் நிபுணர்’ என்று டெண்டர்தோறும் தன்னைப் பற்றித் தானே தட்டச்சு செய்வாள். வேலையைச் செய்யத் தாடியை அனுப்புவார்கள். தாடி என்பது மூத்த இன்ஜினியருக்கு அலுவலகம் வைத்த பெயர். போன டிசம்பரில் ஒரு வாடிக்கையாளர் நேரிலேயே வந்து, “அந்த நிபுணர் எங்கே? பாக்கலாமா?” என்று கேட்டார். “வெளியூர் போயிருக்காங்க” என்றார் மேலாளர். அக்கா இரண்டு முழத் தூரத்தில் உட்கார்ந்து கோப்புக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது.

வீட்டிலும் கேலிதான். கணவன் பஸ் பணிமனை மெக்கானிக். பட்டம் பதக்கம் ஒன்றும் கிடையாது, வண்டி சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லுவான். “என் பொண்டாட்டி ஏட்டுச் சுரைக்காயில டாக்டர் பட்டம் வாங்கினவ” என்பான். அவள் சிரித்து வைப்பாள். அது உண்மையாகவே இருந்துவிட்டால் என்ற பயம் உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. நாற்பத்து மூன்று வயதில் இனிமேலும் அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது என்று பட்டது.

இந்த ஜனவரியில் அவள் எழுதிக் கொடுத்தது: ‘சான்றிதழ்: பூஜ்யம். முதலிலிருந்து முடிவுவரை ஒரு வேலை.’

மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். “என்னக்கா இது, விளையாட்டா?”

“இல்ல சார். மார்ச்ல ஒண்ணு காலாவதியாகுது. நான் எழுதலேன்னா பதினொண்ணுதான்.”

“மிரட்டறீங்களா?”

“கணக்கைக் கூட்டிச் சொல்றேன் சார். வேலை குடுங்க, எழுதறேன்.”

மேலாளர் நெற்றியைத் தேய்த்தார். பிடி அவள் கையில் இருந்தது. ஆறு கிளை உள்ள ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை அவளுக்குக் கிடைத்தது. தலைமைக் கடையின் மாடிப்படிக்கு அடியில், துடைப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கணினி இருந்தது. ஆறு கடை ஆர்டரும் அதற்குள்தான். அதைக் கிளவுடுக்கு மாற்ற வேண்டும்.

தாடி ஒரு வாரத்தில் முடிப்பதை அக்கா மூன்று வாரம் இழுத்தாள். எதையும் இரண்டு தடவை சரிபார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மாற்றினாள். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குப் போன் அடித்தது. லென்ஸ் வெட்டித் தேய்க்கும் பட்டறைக்காரர்.

“யாரும்மா இதை மாத்தினது?”

‘எங்க டீம்’ என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். “நான்தான்” என்றாள்.

“நீதானா? கடை திறந்ததிலேர்ந்து ஒரு ஆர்டர் வரல. மெஷின் சும்மா நிக்குது. ஒரு பெரியவர் பழைய கண்ணாடியைக் கழட்டிக் குடுத்துட்டு, எதிர்ல நிக்கற பொண்ணு முகம் தெரியாம உக்காந்திருக்கார். படிச்சவங்கதானே? பட்டறைன்னு ஒண்ணு இருக்கான்னு கேக்க வாய் இல்லையா?”

அவர் கேட்டதில் தப்பே இல்லை. பரீட்சையில் எந்தக் கேள்வியானாலும் கதவை, அதாவது கணினிக்குள் நுழையும் வழியை, மூடுவதுதான் சரியான விடை: யாருக்குத் தேவையோ அவருக்கு மட்டும், தேவையான அளவு மட்டும். அக்காவும் கொடுத்த பட்டியலில் இருந்த ஆறு கடைக்கும் வழி விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கச்சிதமாக மூடியிருந்தாள். மூன்றாவது கிளையின் பின்கட்டில் இருந்த பட்டறை எந்தப் பட்டியலிலும் இல்லை. போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

“தப்பு என்னோடதுதாங்க. இதோ வர்றேன்” என்று பஸ் ஏறினாள்.

வழியில் தாடி போன் செய்தான். “எல்லாத்தையும் திறந்து விட்டுடுங்கக்கா. அப்புறம் மெதுவா பாத்துக்கலாம்.”

“ஆறு கடை ஜனங்களோட விவரம் அதுல இருக்கு. அப்புறம்னு விட்டா யாரும் பாக்க மாட்டீங்க” என்று வைத்துவிட்டாள்.

பட்டறையில் கண்ணாடித் தூள் படிந்த பெஞ்சில் மடிக்கணினியை வைத்து உட்கார்ந்தாள். பட்டறைக்காரர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். அந்த மெஷினுக்கு எந்த வழி, எவ்வளவு திறக்க வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கியதும், படித்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்து கை கொடுத்தது. நாற்பது நிமிஷத்தில் ஒரே ஒரு கதவைத் திறந்தாள். ஆர்டர்கள் மளமளவென்று வந்து விழுந்தன. மெஷின் இரைய ஆரம்பித்தது. நன்றி கின்றி எதுவும் இல்லை. “அடுத்த தடவை கேட்டுட்டுச் செய்யுங்க” என்று மட்டும் பட்டறைக்காரர் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக, “இன்னிக்கு என்னைக் கிழி கிழின்னு கிழிச்சிட்டாங்க” என்றாள்.

கணவன் ஏற இறங்கப் பார்த்தான். “திட்டு வாங்கின மூஞ்சி மாதிரி இல்லையே.”

“ஆறு வருஷத்துல முதல் தடவை. நான் செஞ்சதுக்கு, என்னையே கேட்டாங்க.”

அவன் கேலி செய்யவில்லை. “எதுல கோளாறு? சொல்லு” என்று கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். மூடிய கதவு, விட்டுப்போன பட்டறை எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நடுவில் இரண்டு கேள்வி கேட்டான்; இரண்டும் நல்ல கேள்வி.

சொன்ன சொல் தவறாமல் மார்ச்சில் பரீட்சை எழுதினாள். ஆயிரம் மார்க்கில் வழக்கமாகத் தொள்ளாயிரத்துக்குக் கீழே இறங்காதவள், எழுநூற்று இருபது வாங்கினால் தேர்ச்சி என்ற இடத்தில் எழுநூற்று முப்பத்தெட்டு வாங்கினாள்.

“என்னக்கா, உங்களுக்கா இந்த மார்க்? படிக்கலையா?” என்றார் மேலாளர்.

“படிச்சேன் சார். இப்பல்லாம் கேள்வியைப் படிச்சா, இதை மூடினா யார் வேலை நிக்கும்னு யோசனை போகுது. நேரம் பத்தல.”

“சரி, பாஸ்தானே. பன்னிரண்டு ஆச்சு” என்று குறித்துக்கொண்டார்.

அக்கா அந்த மதிப்பெண் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் எந்தத் தாளையும் அவள் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. இதை எடுத்துப் போய்க் கணவனிடம் காட்டினாள்.