நான் வாசிக்காத வரி

எங்கள் வீட்டில் மலையாளம் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்போது அப்படித்தான் நம்பியிருந்தேன். மட்டாஞ்சேரி பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. கரண்ட் பில், ரேஷன் கடை நோட்டீஸ் எதுவானாலும் என்னிடம் வரும். நானும் வக்கீல் மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு தமிழில் சொல்வேன்.

அந்தத் தாளும் அப்படித்தான் வந்தது. அப்பா பள்ளுருத்தியில் ஒரு ஹோட்டலில் பொரோட்டா மாஸ்டர். சாயங்காலம் பொரோட்டாக் கல்லுக்கு முன்னால் நிற்க வேண்டுமே, சூடு தாங்க ஒரு கிளாஸ். அங்கே மாஸ்டர்கள் எல்லோருக்கும் அது வழக்கம். பிறகு காலையிலும் ஒரு கிளாஸ் என்று ஆயிற்று. கை நடுங்கி, வீசிய மாவு தரையில் விழ ஆரம்பித்ததும் குடியை நிறுத்தச் சொல்லி முதலாளி கெடு வைத்தார். ஜூ டவுன் மசாலாக் கிடங்கில் சுக்கு பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா அரை நாள் லீவு போட்டு, எங்கள் இருவரையும் குடி நிறுத்தும் மையத்துக்கு இழுத்துப் போனாள்.

அங்கிருந்த மேடம் பாதித் தமிழில் சொன்னார். "சேச்சி, ராவும் பகலும் இங்கேயே தாமசிச்சு இருபத்தெட்டு நாள். இல்லெங்கில் பகல் மட்டும் வந்து போகலாம். இந்தப் பேப்பரை வாசிச்சு, நாளை சொன்னா போதும்."

வீட்டில் மூவரும் தரையில் உட்கார்ந்தோம். அம்மா மேல் சுக்கு வாசனை. சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"எனக்கென்னவோ அங்கேயே இருந்தா தேவலன்னு தோணுது. நானும் ஒரு மாசமாவது தூங்குவேன்."

எனக்கு வேறு கணக்கு. அப்பா தினமும் வேலை முடிந்து வரும்போது, வாழையிலையில் சுற்றிய நாலு பொரோட்டா கொண்டு வருவார். இருபத்தெட்டு நாள் என்றால் நூற்றுப் பன்னிரண்டு பொரோட்டா. மனக்கணக்கில் நான் கெட்டி.

ஆகவே தங்கும் சிகிச்சையை இழுத்து இழுத்து வாசித்தேன். ஃபோன் கிடையாது, ஞாயிறு மட்டும்தான் பார்க்க விடுவார்கள். பகல் சிகிச்சையைக் கல்யாணப் பத்திரிகை போல வாசித்தேன். கடைசியில் ஒரு வரி இருந்தது. வேலை இடத்தில் குடி இருந்தால் பகல் சிகிச்சை போதாது, தங்கியே ஆக வேண்டும் என்று. அதற்கு முன்னால் நிறுத்திவிட்டேன்.

அம்மா கண் திறந்தாள். "கீழ ஏதோ எழுதியிருக்கே?"

"அட்ரஸ்மா."

என் தோளுக்கு மேலாகத் தாளையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா இருமினார். "புள்ள வாசிச்சா சரியாத்தான் இருக்கும்" என்று என் தலையைத் தடவினார். அப்பா நம் கட்சி என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"சரி, பகலே போங்க" என்றாள் அம்மா. அதற்குமேல் பேச அவளுக்குத் தெம்பில்லை.

பதினோரு நாள் ஒழுங்காகப் போனார். சாயங்காலமானால் நேராக ஹோட்டல். பன்னிரண்டாம் நாள் கல்லுக்கு முன்னால் கிளாஸ் வந்துவிட்டது. மாவு மறுபடியும் தரையில் விழுந்தது. வேலை போயிற்று, பொரோட்டாவும் நின்றது.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் அதே மையம், அதே மேடம். "அந்தப் பேப்பர்லயே எழுதியிருந்ததல்லே சேச்சி, ஹோட்டல்ல குடி உண்டெங்கில் இங்கே தாமசிக்கணும்னு" என்றபடி ஒரு படிவத்தை நீட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு வழக்கம்போலப் பேனாவை எடுத்தேன். அப்பா அதை என் கையிலிருந்து வாங்கி, நடுங்கும் விரலை மேசையில் ஊன்றி, உருண்டை உருண்டையான மலையாளத்தில் அடித்தல் திருத்தல் இல்லாமல் முழுப் படிவத்தையும் எழுதினார்.

"அப்பா, உங்களுக்கு மலையாளம் தெரியுமா?"

"ஹோட்டல் போர்டுல தெனம் எழுதறது பின்ன யாரு?" என்றார், நிமிராமல்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அம்மா, அப்பா கையெழுத்தைப் பாரேன், என்னைவிட அழகு" என்றேன்.

அம்மா அப்பாவை நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னையும் அதே மாதிரி பார்த்தாள். பெருமையில் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.