ஐந்து நிமிடம் பிந்திய சங்கு

அலைபேசி அலாரத்தை ஐந்து நிமிடம் தள்ளிப் போடும்போதெல்லாம், இன்று சொகுசு விடுதி நிற்கும் கீழ் கோத்தகிரிச் சரிவில் அன்று இருந்த தேயிலை ஃபாக்டரியின் சங்கு என் காதில் ஊதுகிறது. எங்கள் தொழிலாளர் லைன் வீடுகளில் கடிகாரம் கிடையாது; அடுப்பு மூட்டுவதும், இடுப்பில் சாக்கைச் சுற்றிக்கொண்டு பெண்கள் பனிக்குள் கொழுந்து பறிக்க ஓடுவதும், நாங்கள் பள்ளிக்குக் கிளம்புவதும், பாய்லர் பார்த்த அப்பா ஊதுகிற அந்தச் சங்கை நம்பித்தான்.

மார்கழிக் குளிரில் ஒருநாள் விடியுமுன் அவர் கிளம்புகையில், போர்வைக்குள்ளிருந்து, "அப்பா, இன்னிக்கு மட்டும் அஞ்சு நிமிசம் கழிச்சு ஊதுங்க" என்றேன். "சரி கண்ணு, தூங்கு" என்று சிரித்துவிட்டுப் போனவர், நிஜமாகவே தாமதித்து ஊதினார்.

நான் சுகமாகத் தூங்கினேன். கைக்கடிகாரம் கட்டிய மேஸ்திரி, நேரமாகிவிட்டதென்று அம்மா உட்பட அத்தனை பெண்களையும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். நான் பள்ளிக்குப் போகிற வழியில், ஃபாக்டரி வாசலில் மேனேஜர் முன் தலைகுனிந்து அப்பா சொன்னது கேட்டது: "தூங்கிப்போட்டனுங்க."

அன்றோடு சங்கு வேறொருவர் கைக்குப் போயிற்று. அப்பா விறகு பிளக்கப் போனார். "அன்னிக்கு உங்கப்பா தூங்காம இருந்திருந்தா" என்று அம்மா கடைசிவரை குத்திக்காட்டிக்கொண்டே இருந்தாள். அப்போதெல்லாம் அப்பா என் பக்கம் திரும்பாமல் டீயைக் குடிப்பார். அவர் இறந்த பிறகும் நான் அம்மாவிடம் உண்மையைச் சொல்லவில்லை.