செவுள் வெளுத்த செம்பரம்பாக்கம் கெண்டை

மே மாத ஞாயிறு ஒன்றில் செம்பரம்பாக்கம் ஏரிக்குப் போனதற்கு என் மைத்துனன்தான் காரணம். “வலையிலிருந்து எடுத்த மீனைக் கரையிலேயே வாங்கலாம்” என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அளந்திருந்தான். அவன் சொன்ன எதுவும் இதுவரை உருப்பட்டதில்லை. ஆனாலும் வீட்டில் என்னைக் கிளப்பிவிட்டார்கள்.

அண்ணனூரிலிருந்து ஏரி இருபது கிலோமீட்டருக்குள்தான். ஆவடியில் பஸ் பிடித்து, கரையான்சாவடியில் இறங்கி ஆட்டோ. இருநூற்றைம்பது கேட்டவர் இருநூற்றுக்கு இறங்கி வந்தார். “லேட்டா போனீன்னா கருவாடுதான் சார்” என்றார். ஆறு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டியது.

கரையில் சாந்தி என்ற பெண் தார்ப்பாய் விரித்துக் கெண்டை விற்றுக்கொண்டிருந்தார். கணவர் ஏழுமலை ஏரிக்குள் வலை இழுத்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் அரைக்கால் சட்டையில் ஒரு ஃப்ளாட்காரர். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். வெளுத்திருந்தது.

“ஐஸ் மீனை ஏரி மீன்னு விக்கிறியாம்மா?”

“இப்பத்தான் வலைலருந்து எட்த்தது நைனா. தண்ணி சுட்டுகினு கீது. சாயங்காலம் வலை உட்டா, காலைல எடுக்கறதுக்குள்ள மாட்டுனது செத்து ஊறிப் பூடுது.”

“நல்லா கதை சொல்ற” என்று அவர் நடையைக் கட்டினார். பின்னால் நின்ற இருவரும் அவரோடு போனார்கள்.

செய்யாத தப்புக்கு விளக்கம் சொல்வது எப்படியிருக்கும் என்பதை என் பழைய ஆபீஸ் எனக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்திருக்கிறது. தண்ணீரில் கை வைத்துப் பார்த்தேன். மொட்டைமாடியில் மறந்துவிட்ட வாளித் தண்ணீர்போல இருந்தது.

அதற்குள் ஏழுமலை கரையேறி வந்தார். “ஐஸ் வாங்கிப் போடலாம்னா கேக்க மாட்டேன்ற.”

“போட்டா அந்தாளு சொன்னது நெசமாயிடாதா?”

“மழைனா ஒரேடியா கொட்டி மதகைத் தொறந்துடறாங்க, மீனெல்லாம் தண்ணியோட பூடுது. வெயில்னா இப்டி. ரெண்டு வாரம் பாப்போம். அப்பால நீ ஃப்ளாட்டுக்கு வேலைக்குப் போ.”

“செவுளைத் தூக்குனவன் ஊட்லயே போய்ப் பாத்திரம் தேய்க்கச் சொல்றியா?”

ஏழுமலை வலையை உதறினார். விழுந்தவற்றில் இரண்டுதான் துடித்தன.

நான் ஒரு கிலோ வாங்கினேன். வீட்டில் மனைவி முதலில் செவுளைத்தான் தூக்கினாள். ஏரித் தண்ணீர் சுடுகிறது என்றேன். “உங்களை யார் வேணா ஏமாத்தலாம்” என்றாள். மைத்துனன் குழுவில் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டிருந்தான்.

போகிறவர்கள் மூடியுள்ள பாத்திரமும் சில்லறையும் எடுத்துப் போங்கள். திரும்பும்போது ஆட்டோ கிடைக்காது, வந்ததையே நிறுத்தி வையுங்கள். மீனின் செவுளைத் தூக்கும் முன் ஒருமுறை ஏரியில் கை வைத்துப் பாருங்கள். சாந்தி அங்கே இருந்தால்.