பாதியில் நின்ற அப்டேட்டும் ஒரு மீசையும்

ஜெராக்ஸ் கடைக்காரரைத் தெருவே ‘ஃபார்மேட்’ என்றுதான் கூப்பிடும். பிரிண்ட் எடுக்க வருகிறவரின் பென்டிரைவ் கொஞ்சம் முரண்டு பிடித்தால் போதும், அதை வழித்துத் துடைத்து, எந்த மெஷினிலும் திறக்கும் ஃபேட் முறைக்கு மாற்றிக் கொடுத்துவிடுவார். கேட்டாலும் செய்வார், கேட்காவிட்டாலும் செய்வார். அவருக்கு இரண்டே பெருமைகள்: ஒன்று மீசை, மற்றது கடைக் கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸ்.

பக்கத்துச் சலூன் அவருடைய மச்சானுடையது, அதாவது மனைவியின் தம்பி. அப்டேட் போட உட்கார்ந்த அன்று, அவனிடம் ஃபார்மேட்டின் வாய் சும்மா இருக்கவில்லை.

“என் லினக்ஸ் அப்டேட் நடுவுல நின்னா, இந்த மீசை உனக்குடா மச்சான்!”

நின்றது. ஜோராக ஓடி வந்து, லினக்ஸின் இதயமான கெர்னலைப் புதிதாக வைக்கும் இடத்தில் ‘லிங்க் போட முடியவில்லை’ என்று எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டது.

“மாமா, சூடுதண்ணியா, பச்சத்தண்ணியா?” என்று மச்சான் வாசலில் கத்தியோடு நின்றான்.

லேமினேஷன் மெஷினிலிருந்து மனைவி தலையை நிமிர்த்தினாள். “ஏங்க, கெர்னல் இருக்கிற அந்த பூட் பகுதிய எதுல ஃபார்மேட் பண்ணீங்க?”

“வேற எதுல? ஃபேட்தான். எல்லா மெஷின்லயும் திறக்கணுமே!”

“டிஸ்க்க கழட்டி யார் வீட்டுக்கு விருந்துக்கு அனுப்பப் போறீங்க?”

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பழைய கெர்னலுக்கு லிங்க் போட்டு இன்னொரு பெயர் வைத்து, ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் அப்டேட் புதியதை உள்ளே விடும். ஒரே கோப்புக்கு இரண்டு பெயர் வைக்க ஃபேட்டுக்குத் துப்பில்லை. பூட் பகுதியில் இருந்ததையெல்லாம் வேறிடத்தில் நகலெடுத்தார்; அந்தப் பகுதியை லினக்ஸின் சொந்த முறையான எக்ஸ்ட்4-க்கு மாற்றினார்; திரும்ப உள்ளே வைத்து, புது முகவரியைச் சிஸ்டத்துக்குச் சொன்னார். மறுபடி தட்டியதும் அப்டேட் சமர்த்தாக முடிந்தது.

“முடிஞ்சிடுச்சு பாத்தியா!” என்று மீசையை முறுக்கினார்.

“நடுவுல நின்னதா இல்லையா?”

“...நின்னது. ஆனா பாதிலதானே?”

“அப்ப பாதி மீசை.”

இடது பக்கம் போயே போய்விட்டது. மறுநாள் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் தாளைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு குழந்தை விரல் நீட்டிச் சிரிக்க, அவர் சட்டென்று பிரிண்டருக்குப் பின்னால் குனிந்து, இல்லாத பேப்பர் சிக்கலைத் தேடினார். சலூன் கண்ணாடி வழியே மச்சான் அதைப் பார்த்தான்.

கொஞ்ச நேரத்தில் டீயோடு வந்தான். அவன் மீசையில் வலது பக்கம் இல்லை.

“என்னடா இது?”

“கை தவறிடுச்சு மாமா. தள்ளி உக்காருங்க.”

இருவரும் ஒட்டி உட்கார்ந்தார்கள். சேர்த்துப் பார்த்தால் ஒரு முழு மீசை இருந்தது.